பேச்சுவார்த்தையும் நெறியும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

   

எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'வாழ்வில் ஒழுக்கம்' என்பதாகும். ஒழுக்கத்தைப் பற்றித் தலைமையாசிரியர் ஒருவர் பேசப் புகுந்தால், அவையில் பாதிப் பேர் தேநீர் அருந்த எழுந்து விடுவர் என்பதை என் நீண்ட ஆசிரியப் பணியில் நன்கு அறிவேன். ஆகையால் அத்தலைப்பை நானே சுருக்கிக் கொண்டேன். இரு தரப்பினர் எதிரெதிரே அமர்ந்து, ஒன்றைக் கேட்டும் ஒன்றை விட்டுக் கொடுத்தும் ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள். அந்த இடத்தில் ஒழுக்கத்திற்கு என்ன வேலை என்பதை மட்டுமே இன்று பேச விரும்புகிறேன். அதற்குக் காரணமும் உண்டு. நம் மாணவர் விடுதிக்குச் செல்லும் வழியைக் குறித்துப் பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசச் சங்கம் ஐவர் குழுவை அமைத்திருக்கிறது. அவர்களுள் இருவர் இளைஞர். அக்குழுவில் எனக்கும் இடம் உண்டு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பேச்சுவார்த்தை என்பது அதிகாரிகளும் தலைவர்களும் நடத்துவது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சிலர் எண்ணக்கூடும். இம்மலையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அயோத்திதாச பண்டிதர் தம் இளமைக் காலத்தை இந்நீலகிரியிலே கழித்தவர். 1876இல் இங்கே அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891இல் உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார். மறு ஆண்டு, 1892இல், சென்னையில் மகாஜன சபை கூடியபோது நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்று அமர்ந்தார். அங்கே நடந்ததைப் பிற்காலத்தில் தம் 'தமிழன்' இதழில் அவரே எழுதியிருக்கிறார்.

சிவாலயத்திலும் விஷ்ணு ஆலயத்திலும் நம்மவரை ஏன் அனுமதிக்கலாகாது என்று பண்டிதர் அவையில் கேட்டார். அவை முழுவதும் கூச்சலிட்டது. தஞ்சையிலிருந்து வந்திருந்த சாஸ்திரியார் ஒருவர் எழுந்து, உங்களுக்கென்று வேறு தெய்வங்கள் உள்ளன, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர் அல்லர் என்ற பொருள்படப் பேசினார். அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் மறுமொழி கூறினார். கூறிவிட்டு வெளியேறவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி வேண்டும், அரசின் வெற்றுத் தரையில் எங்கள் ஏழைகளுக்கு நிலம் வேண்டும் என்று அடுத்த கோரிக்கைக்கு வந்தார். அவற்றை அவை ஏற்றுத் தீர்மானமாக்கியது.

இளைஞர்களே, இந்நிகழ்ச்சியைப் பலர் பண்டிதரின் சொல்வன்மைக்குச் சான்றாகக் கூறுவர். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். அவமதிப்பை விழுங்கிக் கொண்டு, அதற்கு ஈடாக ஒரு பள்ளிக்கூடம் கொடுங்கள் என்று அவர் பேரம் பேசவில்லை. அவமதிப்புக்கு உரிய விடையை அங்கேயே கொடுத்தார். கல்வியையும் நிலத்தையும் உரிமையாகக் கேட்டார். மானத்தையும் தேவையையும் ஒரே தராசில் வைக்காமல் தனித்தனியே நிறுத்தியது பெரிய செயல். பின்னர் எழுதும்போது கிடைத்ததை மட்டும் எழுதிக் கிடைக்காததை மறைக்கவுமில்லை. இரண்டையும் எழுதினார்.

அவருக்குச் சற்று இளையவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். அவரும் இம்மலையிலே பல ஆண்டுகள் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணி புரிந்தவர். 1890இல் சென்னைக்குச் சென்றார். சென்றதும் பத்திரிகை தொடங்கிவிட்டாரா? இல்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சேரிகள்தோறும் சென்று மக்களின் நிலையை விசாரித்தார். அதன் பின்னரே 1893இல் 'பறையன்' என்ற இதழை வெளியிட்டார். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசு கேட்டபோது, அதனால் ஆதிக்க சாதியினரே அதிகாரிகளாவர், நம் மக்கள் மேலும் நசுக்கப்படுவர் என்று கருதி எதிர்ப்பு மனு ஒன்றை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். அம்மனுவின் நீளம் 112 அடி. கையொப்பங்கள் 3,412. அவருடைய கருத்துச் சரியா தவறா என்று இன்று வாதிடலாம். ஆனால் 'நாங்கள் கேட்கிறோம்' என்று எழுதுமுன், அந்த 'நாங்கள்' யார் என்பதை எண்ணிக் காட்டினார் அல்லவா? கணக்கர் வேலை பார்த்தவரின் பழக்கம் அது என்று நான் நினைத்துக் கொள்வதுண்டு. இக்காலத்தில் நூறு பேரைக் கூடக் கேளாமல் இலட்சம் பேரின் பெயரால் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி 1932ஆம் ஆண்டுக்கு வருவோம். நம் வரலாற்றில் அதைவிடக் கடினமான பேச்சுவார்த்தை வேறு இல்லை.

இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் சீனிவாசனும் தாழ்த்தப்பட்டோரின் சார்பில் அமர்ந்தனர். 1932 ஆகஸ்டில் பிரதமர் மக்டொனால்டு அறிவித்த தீர்ப்பு, தாழ்த்தப்பட்டோருக்கு 71 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதி முறையில் வழங்கியது. அதாவது அவ்விடங்களுக்கு நம்மவர் மட்டுமே வாக்களிப்பர். பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு வாக்கு உண்டு. இம்முறை தாழ்த்தப்பட்டோரை இந்து சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்று கூறி, எரவாடாச் சிறையிலிருந்த காந்தியடிகள் செப்டம்பர் 20இல் சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கினார்.

இங்கே நின்று ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். ஒருவர் தம் உயிரைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டால், மறு தட்டில் எதை வைப்பது? காந்தியடிகளின் நோக்கத்தை நான் ஐயுறவில்லை. தாம் நம்பியதற்குத் தம் உடலை வருத்தினார். ஆனால் அச்செயலின் சுமை அவர் தோள்மீது மட்டும் விழவில்லை. அவருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், நாடெங்கும் கிராமக் கோடிகளில் குடியிருந்த நம் மக்களின் கதி என்னவாகியிருக்கும்? சிறைக்குள் நோன்பிருந்தவரைக் காக்க நாடே திரண்டது. சேரியில் இருந்தவனைக் காக்க யார் இருந்தார்? அம்பேத்கர் இதை அறிந்தே மேசைக்கு வந்தார். எதிர்த் தரப்பு மறுத்துவிட்டு எழுந்து போக முடியாத நிலையை உண்டாக்கி விட்டு நடத்தும் பேச்சு, முழுமையான பேச்சுவார்த்தை ஆகாது. யார் செய்தாலும் இது பொருந்தும். நாம் செய்தாலும் பொருந்தும்.

அந்த நெருக்கடியில் அம்பேத்கர் நடந்துகொண்ட முறையே நமக்குப் பாடம். அவர் சினந்து எழுந்து போகவில்லை. கண்ணீருக்கு மயங்கிக் கேட்டதை எல்லாம் கொடுத்துவிடவும் இல்லை. மாகாணந்தோறும் எத்தனை இடம், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை என்ன, அம்முறை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று எண்களாகப் பேசினார். செப்டம்பர் 24இல் உடன்பாடு கையொப்பமாயிற்று. தனி வாக்காளர் தொகுதி போயிற்று. இடங்கள் 71 என்பது 148 ஆயிற்று. சென்னை மாகாணத்திற்கு 30. முதற்கட்டத் தேர்தலில் நம்மவர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரைப் பொதுவாக்காளர் தேர்ந்தெடுப்பர். இம்முதற்கட்ட முறை பத்தாண்டு நீடிக்கும் என்பது ஏற்பாடு. அம்பேத்கர், சீனிவாசன் ஆகியோருடன் எம்.சி. ராஜாவும் ஒப்பமிட்டார். அதே ஆண்டின் தொடக்கத்தில் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து கூட்டு வாக்காளர் முறையை ஆதரித்தவர் ராஜா. எதிரெதிர்க் கருத்துடையோர் ஒரே தாளில் ஒப்பமிட்டனர். பின்னாளில் அம்பேத்கர் இவ்வுடன்பாட்டைக் கடுமையாக விமரிசித்தார். 1945இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக எழுதினார். விமரிசித்தாரே ஒழிய, நான் ஒப்பமிடவே இல்லை என்று சொல்லவில்லை. ஒப்பமிட்டதை மதிப்பதும், அதன் குறையை வெளிப்படையாகச் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவ்வுடன்பாட்டில் கல்வியைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து தாழ்த்தப்பட்டோரின் கல்விக்குப் போதுமான தொகை ஒதுக்கப்பட வேண்டும் என்பது அது. செப்டம்பர் 25இல் பம்பாயில் மாளவியா தலைமையில் கூடிய இந்துக்களின் மாநாடு, இனி எவரும் பிறப்பால் தீண்டப்படாதவராகக் கருதப்பட மாட்டார், பொதுக் கிணறு, பள்ளி, சாலை எல்லாவற்றிலும் அவர்களுக்குச் சம உரிமை உண்டு என்று தீர்மானித்தது. நல்ல தீர்மானந்தான். ஆனால் 148 என்பது எண். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்விடங்களில் நம்மவர் அமர்ந்தனர். 'போதுமான தொகை' என்பது எண்ணன்று, அடைமொழி. யாருக்குப் போதுமானது? கொடுப்பவருக்கா, பெறுபவருக்கா? கிணற்றுத் தீர்மானத்தில் ஊர்ப் பெயரும் இல்லை, நாளும் இல்லை. அது நடைமுறைக்கு வர எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை இங்கு அமர்ந்திருக்கும் பாட்டிமார் என்னைவிட நன்றாகச் சொல்வர். மங்கலான சொல்லை ஒப்பந்தத்தில் வைப்பவர் எப்போதும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏமாற்ற நினைப்பவர் குடியேறுவது அம்மங்கலான சொல்லுக்குள்ளேதான்.

பூனாவிலாவது நம்மவர் மேசையில் இருந்தனர். நம்மவர் இல்லாமலே நம்மைப் பற்றி நடந்த பேச்சும் ஒன்று உண்டு. இவ்வரங்கில் இருப்போரில் பலர் அதன் பிள்ளைகள். நானும் ஒருவன்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் புது தில்லியில் பிரதமர்கள் இலால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று முடிவு செய்தனர். 1974இல் அந்த எஞ்சியோரை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பங்கிட்டனர். எண்கள் தெளிவாகவே இருந்தன. சற்று முன் எண்களைப் புகழ்ந்தேன். இங்கே எண்கள் மட்டுமே இருந்தன என்பதே குறை. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவரிடம், எங்கே வாழ விரும்புகிறாய் என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு எண்ணை எழுதியிருக்க வேண்டும். எண்ணை எழுதிவிட்டு ஆளைத் தேடினர்.

என் தந்தைக்கு இந்தியா கிடைத்தது. அவருடைய அண்ணனுக்கு இலங்கை கிடைத்தது. ஒரே லயத்தில் ஒரு சுவர் நடுவே வாழ்ந்தவர்கள். தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறும்போது எனக்கு ஐந்து வயது. இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இம்மலைக்கு வந்தோம். எங்களைப் போன்றோருக்கென 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அதில் பலர் வாழ்வு பெற்றனர். நாங்கள் வேறொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பெரியப்பா இறந்த செய்தி கடிதமாக வந்தபோது அடக்கம் முடிந்து பதினேழு நாளாகியிருந்தது.

இவ்வளவு நேரம் பிறருடைய பேச்சுவார்த்தைகளைப் பற்றிப் பேசினேன். என்னுடையதைச் சொல்லாவிட்டால் இவ்வுரை நேர்மையாகாது.

நான் பி.ஏ. முடித்து வந்த ஆண்டு. எங்கள் தோட்டத்தில் முதல் பட்டதாரி நான். லயங்களில் நாற்பத்திரண்டு வீடுகள். கூரைத் தகரம் துருப்பிடித்து, ஆடி மழையில் வீட்டுக்குள் சட்டி பானைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். இன்னொரு குறை கொழுந்து நிறுப்பதில் இருந்தது. ஈரக் கொழுந்து என்று சொல்லி, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சாக்கு ஒன்றுக்கு இரண்டு கிலோ கழித்து வந்தனர். "நீ இங்கிலீசு படித்தவன், துரையிடம் போய்ப் பேசு" என்று என்னை அனுப்பினர்.

மேலாளர் எனக்கு நாற்காலி போட்டார். என் தந்தை அவ்வறையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. கூரையைப் பற்றி முதலில் பேசினேன். இருபது வீட்டுக்கு இவ்வாண்டு, மீதிக்கு அடுத்த ஆண்டு என்றார். பிறகு, நான் கழிவைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இடம் காலியாக இருக்கிறது, உங்கள் தம்பி பத்தாவது தேறியவர்தானே என்று கேட்டார். அதோடு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. நானும் கழிவைப் பற்றி வாய் திறக்கவில்லை. தேநீர் வந்தது. குடித்தேன்.

வெளியே வந்து, "இவ்வளவுதான் கிடைத்தது" என்று சொன்னேன். கடைசி வரிசை வீட்டிலிருந்த ஒரு முதிய தாய், "தம்பி, அந்த ரெண்டு கிலோவைப் பத்திக் கேட்டியா?" என்றார். "கேட்டேன், பாட்டி. முடியாது என்று சொல்லிவிட்டார்கள்" என்றேன்.

முதல் இருபது வீடுகளில் எங்கள் வீடும் இருந்தது. எதையும் எழுதி வாங்கவில்லை. மறு ஆண்டு மேலாளர் மாறினார். புதியவர் அப்படி ஒரு வாக்குறுதி கோப்பில் இல்லை என்றார். கடைசி வரிசை வீடுகள் நான்கு மழைக்காலம் ஒழுகின. எடைக் கழிவு நான் பி.எட். முடித்து வேலைக்குச் சென்ற பின்னரும் நீடித்தது. நாளுக்கு இரண்டு கிலோ, ஆளுக்கு இரண்டு கிலோ என்று கரும்பலகையில் எத்தனையோ முறை கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். என் தந்தை என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, வீட்டுக்கு வரும் கடிதங்களை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். அஞ்சலகத்திற்குச் சென்று அங்கிருந்தவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அத்தாயிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அவர் மகளுடன் திருப்பூருக்குப் போய்விட்டார் என்றனர்.

மேலாளர் எனக்குக் கையூட்டுக் கொடுத்தாரா? அன்று நான் அப்படி எண்ணவில்லை. தகுதியுள்ள இளைஞனுக்கு வேலை கொடுத்தார், அதில் என்ன தவறு என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். தவறு வேலையில் இல்லை. அந்த நாற்காலியில் நான் நாற்பத்திரண்டு வீட்டின் சார்பாக அமர்ந்திருந்தேன். எழும்போது ஒரு வீட்டின் சார்பாக எழுந்தேன். தம்பியின் வேலையைப் பற்றி வெளியே வந்தவுடன் எல்லோரிடமும் சொல்லியிருந்தால், அந்த நொடியிலேயே என்னை அவர்கள் திருப்பி அனுப்பியிருப்பர். அதனாலேயே சொல்லவில்லை.

இப்போது விடுதி வழிக்கு வருகிறேன். நமக்கு வேண்டியது பன்னிரண்டடி அகலமுள்ள வழி. பக்கத்து நிலத்துக்காரர் வேறு சமூகத்தவர்; அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் எளிய மனிதர். பச்சைத் தேயிலையின் விலை வீழ்ந்தால் நம்மைப் போலவே கடனுக்கு அலைபவர். அந்த ஓரத்து நிலம் புறம்போக்கு என்று அவர் பல காலமாக நம்பி வருகிறார். சென்ற மாதம் நாம் எடுத்த புலப்படத்தின்படி அது முழுவதும் அவருடைய பட்டாவுக்குள் வருகிறது. இது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

குழுவில் ஒரு தம்பி சொன்னார்: "ஐயா, நாமாகப் பொய் சொல்லப் போவதில்லை. அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் நம் நிலத்தை எழுதிப் பிடுங்கிக் கொண்டவர்கள் நமக்குப் படித்தா காட்டினார்கள்?" அவர் கேட்டது நியாயமற்ற கேள்வி அன்று. 1892இல் அரசு நம் மக்களுக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதை அறிந்தவர் எவரும் அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. எழுதத் தெரியாதவனிடம் கைநாட்டு வாங்கியே அவற்றில் பல பறிபோயின. ஆனால் அன்று கைநாட்டு வைத்தவனின் இடத்தில் இன்று இந்த மனிதரை உட்கார வைத்து, எதிரே நாம் உட்காருவதற்கா இருபத்தைந்து ஆண்டுகள் இச்சங்கத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தோம்? நாளை அவருடைய மகன் புலப்படம் எடுத்துப் பார்ப்பான். அந்த வழியே நம் பிள்ளைகள் தினமும் நடக்க வேண்டும்.

ஆகவே புலப்படத்தின் நகலை அவரிடம் கொடுத்துவிட்டே பேச்சைத் தொடங்க வேண்டும், அவர் சார்பில் படித்தவர் ஒருவரை உடன் அழைத்து வரச் சொல்ல வேண்டும், வழியின் அகலமும் நீளமும் தொகையும் நாளும் எண்ணால் எழுதப்பட்டு, ஒப்பமிடுமுன் நம் பொதுக்குழுவில் உரக்கப் படிக்கப்பட வேண்டும் என்று முன்மொழிந்திருக்கிறேன். பேசப் போகும் ஐவரில் எவருக்கேனும் எதிர்த் தரப்பு ஒரு கோப்பைத் தேநீருக்கு மேல் எது கொடுக்க முன்வந்தாலும் அதையும் அக்கூட்டத்திலேயே சொல்ல வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். என்னை நினைத்துச் சேர்த்தது அது. செயற்குழுவில் இருவர் மறுத்திருக்கின்றனர். நிலத்துக்கு விலை கொடுக்க நேர்ந்தால் விடுதியின் சமையற்கட்டு ஓராண்டு தள்ளிப்போகும் என்பது அவர்கள் வாதம். தள்ளித்தான் போகும், அதை மறைக்க விரும்பவில்லை.

வாக்கெடுப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு. புலப்படத்தின் நகலும், விலை கொடுத்தால் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சுமை கூடும் என்ற கணக்கும் இரவுப் பள்ளிக் கரும்பலகையில் உள்ளன. பார்த்துவிட்டு வாருங்கள். கணக்கில் பிழையிருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.